மூட்டு வலியும் கேள்வித் தாளும்

கேம்பல் பே எங்கே இருக்கிறது? வரைபடத்தில் இந்தியாவின் தென்கோடியைத் தேடுங்கள். கன்னியாகுமரியில் விரலை வைக்காதீர்கள். வங்கக் கடலில் இன்னும் கீழே வாருங்கள். அங்கே கிரேட் நிக்கோபார் தீவு இருக்கிறது. அந்தத் தீவில் உள்ள ஊர்தான் கேம்பல் பே.

1969-ஆம் ஆண்டு முதல் முன்னாள் படைவீரர் குடும்பங்களை அரசு இங்கே குடியேற்றியது. 1980 வரை சுமார் 330 குடும்பங்கள் வந்தன. பஞ்சாப், மகாராஷ்டிரா, கேரளா, ஆந்திரா, தமிழ்நாடு என்று பல மாநிலத்துக்காரர்கள் வந்தார்கள். காட்டைத் திருத்தினார்கள். தென்னையும் பாக்கும் வைத்தார்கள். 2004 டிசம்பர் 26 அன்று சுனாமி வந்து பலவற்றைக் கொண்டு போயிற்று. இருந்தவர்கள் மீண்டும் எழுந்து நின்றார்கள்.

அப்படி வந்தவர்களில் அன்று இளம் பெண்ணாக இருந்தவருக்கு இன்று எழுபது வயதுக்கு மேல் இருக்கும். மண் வெட்டிய கை. சுமை தூக்கிய முதுகு. மேடு பள்ளம் ஏறி இறங்கிய முழங்கால். வலிக்காமல் இருக்குமா?

அப்படிப்பட்ட ஒரு பாட்டி மருத்துவமனைக்கு வருகிறார் என்று வைத்துக்கொள்வோம். நர்ஸ் கையில் ஒரு கேள்வித் தாள் இருக்கிறது. ஆங்கிலத்தில் இருந்ததை யாரோ அகராதியைப் பார்த்துத் தமிழில் எழுதியிருக்கிறார்கள். நர்ஸ் படிக்கிறார்.

"பாட்டி, உடற்பயிற்சி செய்வதற்கு உங்களுக்குத் தடைகள் உண்டா?"

பாட்டி யோசிக்கிறார்.

"தடையா? எனக்கு யாரும்மா தடை போடப் போறா? வீட்டுக்காரர் இருந்தப்பவே போட்டதில்ல. உடற்பயிற்சி எல்லாம் அவரு பட்டாளத்துல செஞ்சாரு. நமக்கு எதுக்கு அது?"

நர்ஸ் "தடை இல்லை" என்ற கட்டத்தில் ஒரு குறி போடுகிறார். அடுத்த கேள்விக்குப் போகிறார்.

குறி போட்டது தவறில்லை. பாட்டி சொன்னதும் பொய்யில்லை. ஆனால் தாளில் ஏறியது உண்மையும் இல்லை. அந்தப் பாட்டி ஒரு வருடமாகத் தோட்டத்துப் பக்கமே போகவில்லை. மழையில் சரிவு வழுக்கும் என்று பயம். நடந்தால் முட்டி இன்னும் தேய்ந்து போகும் என்று அக்கம்பக்கத்தில் சொன்னார்கள். பாதி வழியில் வலி வந்தால் உட்கார ஒரு திண்ணை கூட இல்லை. இவைதான் அவருடைய தடைகள். ஒன்றுகூடத் தாளில் வரவில்லை.

இப்படி ஒரு தாளை நம்பி மருத்துவர் என்ன செய்வார்? "இவருக்கு நடக்கத் தடை ஏதும் இல்லை. சோம்பல்தான்" என்று நினைத்துக்கொள்வார். "நடங்க பாட்டி, நடங்க" என்று சொல்லி அனுப்புவார். பாட்டி வீட்டுக்கு வந்து கட்டிலில் உட்காருவார்.

வலிக்கும் மூட்டை ஏன் அசைக்க வேண்டும்?

வலித்தால் ஓய்வு எடுக்க வேண்டும் என்றுதான் நமக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். அடிபட்டால் அது சரி. மூட்டு நோய்க்கு அது முழுக்கச் சரியில்லை.

முழங்காலில் இரண்டு எலும்புகள் சேரும் இடத்தில் வழுவழுப்பான குருத்தெலும்பு இருக்கிறது. அதற்குத் தனியாக இரத்தக் குழாய் கிடையாது. மூட்டுக்குள் இருக்கும் நீரிலிருந்துதான் அதற்குச் சத்து கிடைக்கிறது. கால் மடங்கி நீளும்போது அந்த நீர் உள்ளே போய் வரும். பஞ்சை அழுத்தி விட்டால் தண்ணீர் போய் வருவது போல. காலை அசைக்காமல் வைத்திருந்தால் அந்தப் போக்குவரத்துக் குறையும். தொடைச் சதையும் மெலியும். தொடைச் சதை தாங்க வேண்டிய பாரத்தை மூட்டே தாங்கும். வலி கூடும். வலி கூடியதால் இன்னும் நடக்க மாட்டோம். செக்கு மாடு மாதிரி இது சுற்றிக்கொண்டே இருக்கும்.

மூட்டு நோயில் பல வகை உண்டு. வயதாக ஆக முழங்காலில் வருவது ஒரு வகை. உடம்பின் எதிர்ப்புச் சக்தியே மூட்டைத் தாக்குவது வேறு வகை. இதில் கை விரல், மணிக்கட்டு எல்லாம் வீங்கும். இளம் வயதிலும் வரும். இதற்கு மருந்து கட்டாயம் வேண்டும். தாமதிக்கக் கூடாது. இரண்டு வகையிலும் அளவான உடற்பயிற்சி நல்லது என்றே இன்று மருத்துவர்கள் சொல்கிறார்கள்.

அளவு எது? பயிற்சி செய்யும்போது கொஞ்சம் வலிக்கலாம். செய்து முடித்து இரண்டு மணி நேரம் ஆன பிறகும் முன்பு இருந்ததைவிட வலி கூடுதலாக இருந்தால், அன்று செய்தது அதிகம். மறுநாள் குறைத்துக்கொள்ள வேண்டும். மூட்டு சிவந்து, சூடாகி, வீங்கி, காய்ச்சலும் வந்தால் பயிற்சியைப் பற்றிப் பேசக் கூடாது. உடனே மருத்துவரிடம் போக வேண்டும்.

ஆக, நடக்கச் சொல்வது எளிது. ஒருவர் ஏன் நடக்கவில்லை என்று தெரிந்துகொள்வதுதான் கடினம். அதற்காகத்தான் கேள்வித் தாள்.

பால் பெட்டியும் குளியல் தொட்டியும்

அமெரிக்காவில் ஸ்டான்ஃபோர்டு என்ற பல்கலைக்கழகம் இருக்கிறது. அங்கே ஜேம்ஸ் ஃபிரைஸ் என்ற மருத்துவரும் அவரோடு இருந்தவர்களும் மூட்டு நோயாளிகளுக்காக ஒரு கேள்வித் தாள் தயாரித்தார்கள். 1980-ஆம் ஆண்டு அது வெளிவந்தது. உலகம் முழுவதும் அதைப் பயன்படுத்தினார்கள். அதில் 20 கேள்விகள். சில கேள்விகளைப் பாருங்கள்.

இறைச்சியை வெட்டிச் சாப்பிட முடிகிறதா? புதிய பால் பெட்டியைத் திறக்க முடிகிறதா? தொட்டியில் இறங்கிக் குளிக்க முடிகிறதா? தூசி உறிஞ்சும் மிஷினால் வீட்டைச் சுத்தம் செய்ய முடிகிறதா?

அமெரிக்காவில் இவை நல்ல கேள்விகள். கையில் பலம் இருக்கிறதா, குனிய முடிகிறதா என்று அவற்றை வைத்துத் தெரிந்துகொள்ளலாம். ஆனால் நம் ஊரில் சோற்றைப் பிசைந்து சாப்பிடுகிறோம். செம்பில் மொண்டு குளிக்கிறோம். துடைப்பத்தால் பெருக்குகிறோம். "தொட்டியில் இறங்கிக் குளிக்க முடிகிறதா?" என்று கேட்டால் நம்மவர் என்ன சொல்வார்? "இல்லை" என்பார். தொட்டி இல்லை என்ற பொருளில் சொல்வார். முடியவில்லை என்று தாளில் ஏறும். நோய் முற்றிவிட்டது என்று கணக்கு வரும்.

இதைக் கவனித்த இந்திய மருத்துவர்கள் அந்தத் தாளை மாற்றினார்கள். அமர்சந்த் என்றும் ஆனந்த் என்றும் பெயர் வைப்பது போல மேலுக்கு மாற்றவில்லை. வாழ்க்கையைப் பார்த்து மாற்றினார்கள். அவர்களுடைய தாள் 2002-இல் வெளிவந்தது. கேள்விகள் 12 ஆகக் குறைந்தன. சேலையோ வேட்டியோ கட்டிக்கொள்ள முடிகிறதா? கழிப்பறையில் குந்தி உட்கார முடிகிறதா, தரையில் சம்மணம் போட முடிகிறதா? ஆட்டோவில் ஏறி இறங்க முடிகிறதா? மூன்று கிலோமீட்டர் நடக்க முடிகிறதா? காய்கறிச் சந்தையில் போய் வாங்கி வர முடிகிறதா?

குந்தி உட்காருவதைப் பற்றி அமெரிக்கத் தாளில் ஒரு வார்த்தை இல்லை. அங்கே யாரும் குந்துவதில்லை. நமக்கோ முழங்கால் நோவின் முதல் அவமானம் அங்கேதான் தொடங்குகிறது. குந்த முடியாது. குந்தினால் எழ முடியாது. அதை யாரிடமும் சொல்லவும் கூச்சம். அந்த ஒரு கேள்வியைச் சேர்த்ததற்கே அந்த மருத்துவர்களைப் பாராட்டலாம்.

மகாராஷ்டிராவில் பிக்வான் என்று ஒரு கிராமம். 1996-இல் டாக்டர் அரவிந்த் சோப்ரா அங்கே மூட்டு வலிக் கணக்கெடுப்பைத் தொடங்கினார். உள்ளூர்த் தொண்டர்கள் வீடு வீடாகப் போனார்கள். கேள்விகள் மராத்தியில் இருந்தன. தாளில் ஒரு மனித உருவப் படமும் இருந்தது. எங்கே வலிக்கிறது என்று அந்தப் படத்தில் குறி வைத்தால் போதும். எழுதப் படிக்கத் தெரியாதவரும் காட்ட முடியும். முதுகு, முட்டி, தோள். விரல் வைத்த இடத்தில் குறி.

ஒரே மொழி, வேறு பேச்சு

மொழி மாற்றினால் போதும் என்று நினைப்போம். ஒரே மொழிக்குள்ளேயே சிக்கல் உண்டு.

ஐரோப்பாவில் ஜெர்மன் மொழியை ஜெர்மனி, ஆஸ்திரியா, சுவிட்சர்லாந்து ஆகிய நாடுகளில் பேசுகிறார்கள். மூட்டு அழற்சி உள்ளவர்கள் உடற்பயிற்சி செய்ய எது தடை, எது தூண்டுதல் என்று கேட்கும் பத்துக் கேள்வித் தாள் ஒன்று பிரான்சு நாட்டில் உருவானது. 2020-இல் வெளிவந்தது. இப்படிப்பட்ட தாள்களை ஜெர்மன் மொழிக்குக் கொண்டு போகும்போது ஒரு வேடிக்கை வரும். ஜெர்மனில் 'லாவுஃபன்' என்று ஒரு சொல். வடக்கே இருப்பவருக்கு அது ஓடுவது. தெற்கேயும் சுவிட்சர்லாந்திலும் அது நடப்பது. "வாரத்தில் எத்தனை நாள் லாவுஃபன்?" என்று கேட்டால் ஒருவர் ஓட்டத்தைச் சொல்வார். இன்னொருவர் கடைக்கு நடந்ததைச் சொல்வார். இரண்டையும் கூட்டி என்ன பயன்?

தமிழில் இல்லையா? இருக்கிறது. 'கீல்வாதம்' என்று புத்தகத்தில் போடுகிறார்கள். ஊரில் அதைக் கேட்டதும் பலருக்குப் பக்கவாதம் நினைவுக்கு வருகிறது. "ஐயையோ, எனக்குக் கை கால் விழுந்துவிடுமா?" என்று நடுங்குகிறார்கள். முழங்கால் வலி என்று சொன்னால் போதுமே.

'விறைப்பு' என்று ஒரு சொல் போடுகிறார்கள். விறைப்பாக நின்றான் என்றால் நமக்குப் போலீஸ்காரர்தான் தெரிவார். மூட்டு நோய்க்காரர் வேறு மாதிரி பேசுகிறார். "காலையில எந்திரிச்சா கட்டை மாதிரி இருக்கு", "பிடிச்சுக்கிட்டு மடக்க முடியல". வலிக்கும் நம்மிடம் எத்தனை சொல்! குத்தல், குடைச்சல், உளைச்சல், கடுப்பு, எரிச்சல். ஒவ்வொன்றும் வேறு.

இந்தக் காலைப் பிடிப்பைப் பற்றிய கேள்வி மிக முக்கியம். எழுந்த பிறகு அரை மணிக்குள் விட்டுவிட்டால் பெரும்பாலும் அது வயதால் வரும் மூட்டு நோய். ஒரு மணி நேரத்துக்கு மேல் இருந்தால் எதிர்ப்புச் சக்தி தாக்கும் வகையாக இருக்கலாம். அதற்கு மருந்தே வேறு. ஆனால் "எத்தனை நிமிடம்?" என்றால் விடியலில் யார் கடிகாரம் பார்க்கிறார்கள்? "டீ போட்டுக் குடிப்பதற்குள் விட்டுவிடுகிறதா? பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகிற வரைக்கும் இருக்கிறதா?" என்று கேட்டால் உடனே பதில் வரும்.

இன்னொரு பொல்லாத கேள்வி உண்டு. "நான் நடக்காமல் இருப்பதற்கு வலி காரணம் இல்லை. ஆம் அல்லது இல்லை என்று சொல்லவும்." இதற்கு என்ன சொல்வது? ஆமாம், இல்லை என்றா? இல்லை, இல்லை என்றா? படித்தவரே திணறுவார். இப்படி இரண்டு 'இல்லை' வரும் கேள்வியைக் கிழித்து எறிந்துவிட்டு "வலியால் நடக்காமல் இருக்கிறீர்களா?" என்று கேட்க வேண்டும்.

மாற்றுவது எப்படி?

இதற்கு ஒரு முறை இருக்கிறது. முதலில் இரண்டு பேர் தனித் தனியாக மொழிபெயர்ப்பார்கள். ஒருவர் மருத்துவம் தெரிந்தவர். மற்றவர் மருத்துவம் தெரியாதவராக இருந்தால் நல்லது. அவர்தான் பேச்சு வழக்கில் எழுதுவார். பிறகு இருவரும் உட்கார்ந்து இரண்டையும் ஒன்றாக்குவார்கள்.

அடுத்து வேறு ஆட்கள் வருவார்கள். முதல் தாளை அவர்கள் பார்த்திருக்கக் கூடாது. தமிழில் உள்ளதைத் திரும்ப ஆங்கிலத்தில் எழுதுவார்கள். போன சொல் அதே பொருளோடு திரும்பி வருகிறதா என்று பார்ப்பார்கள். 'தடை' என்று போன சொல் அரசாங்கத் தடை உத்தரவாகத் திரும்பி வந்தால் அந்தச் சொல் தேறாது.

கடைசி வேலைதான் பெரிய வேலை. நோயாளிகளிடமே தாளைக் கொண்டு போக வேண்டும். பதிலை மட்டும் வாங்கினால் போதாது. "இந்தக் கேள்வியைக் கேட்டதும் உங்களுக்கு என்ன தோன்றியது? உங்கள் வார்த்தையில் சொல்லுங்கள்" என்று கேட்க வேண்டும். ஒருவருக்குப் புரியவில்லை என்றால் அவரைத் திருத்துவதில்லை. கேள்வியைத் திருத்துகிறார்கள்.

தமிழில் இந்த வேலை புதிதும் அல்ல. 1990-களில் உலக சுகாதார நிறுவனம் வாழ்க்கைத் தரம் பற்றி 100 கேள்விகள் கொண்ட ஒரு தாளை உருவாக்கியது. அதற்காக உலகில் 15 இடங்களில் ஒரே நேரத்தில் வேலை நடந்தது. அதில் ஒன்று மெட்ராஸ், அதாவது இன்றைய சென்னை. நோயாளிகளையும் மற்றவர்களையும் கூட்டி வைத்து, நல்ல வாழ்வு என்றால் என்ன என்று பேச விட்டுக் கேட்டார்கள். அளவுச் சொற்களுக்கு ஒரு கோடு போட்டார்கள். 10 சென்டிமீட்டர் கோடு. ஒரு முனையில் கொஞ்சமும் இல்லை. மறு முனையில் மிக மிக அதிகம். நடுவே உள்ள சொற்கள் எங்கே வரும் என்று மக்களையே குறி வைக்கச் சொன்னார்கள். 'ஓரளவு' என்பது பாதியா, காலா என்று அகராதி சொல்லாது. பேசுகிறவர்தான் சொல்ல வேண்டும்.

நம் மருத்துவர்கள் சிலர் இன்னும் எளிய வழி வைத்திருக்கிறார்கள். "முன்னால் வலி ஒரு ரூபாய் என்றால் இப்போது எத்தனை பைசா?" என்று கேட்கிறார்கள். "அறுபது பைசா இருக்குங்க" என்று பதில் வந்துவிடுகிறது.

மறுபடியும் கேம்பல் பே

இனி நம் பாட்டியின் ஊருக்கு ஏற்ற தாள் எப்படி இருக்க வேண்டும்?

எந்த மொழியில் என்பதே முதல் கேள்வி. அங்கே தமிழர் வீட்டுக்குப் பக்கத்து வீடு பஞ்சாபி வீடாக இருக்கலாம். நிக்கோபாரி மக்களுக்குத் தனி மொழி. பொதுவாகப் பேசுவது இந்தி. தமிழ்ப் பாட்டியே கடையில் இந்தி பேசுவார். ஆனால் வலி என்று வந்தால் மனிதருக்குத் தாய்மொழிதான் வருகிறது.

மேல்நாட்டுத் தாளில் "பனி பெய்வதால் வெளியே போவதில்லையா?" என்று இருக்கலாம். "பயிற்சிக் கூடத்துக்குக் கட்டணம் அதிகமா?" என்று இருக்கலாம். இங்கே இரண்டும் இல்லை. இங்கே மழை இருக்கிறது. வருடத்தில் பல மாதம் பெய்யும் மழை. பாசி பிடித்த படி. சேறு. சரிவு. ஓடைப் பக்கம் போனால் முதலை பயம் வேறு. துணைக்கு யார் வருவார்கள் என்ற கவலை. பெரிய மருத்துவமனைக்குப் போக வேண்டும் என்றால் போர்ட் பிளேர், இப்போதைய ஸ்ரீ விஜயபுரம், கப்பல் வழியில் வெகு தூரம்.

'உடற்பயிற்சி' என்ற சொல்லையும் உடைக்க வேண்டும். முன்னாள் படைவீரர் ஊரில் அந்தச் சொல் பரேடையே குறிக்கும். எனவே வேலையைச் சொல்லிக் கேட்க வேண்டும். கேட்பவர் மகனைப் பார்க்காமல் பாட்டியைப் பார்த்துக் கேட்க வேண்டும். இதைச் சொல்லியே ஆக வேண்டும். நம் வீடுகளில் அம்மாவைக் கேட்டால் மகன் பதில் சொல்கிறான், மனைவியைக் கேட்டால் கணவன் பதில் சொல்கிறான்.

இப்போது நர்ஸ் புதிய தாளோடு வருகிறார்.

"பாட்டி, நேத்து வீட்டை விட்டு வெளியே நடந்தீங்களா?"

"எங்க கண்ணு நடக்குறது? வாசல் வரைக்கும்தான்."

மகன் குறுக்கே வருகிறார். "அம்மா நல்லா நடப்பாங்க சிஸ்டர்."

"அண்ணே, பாட்டியே சொல்லட்டும். ஏன் பாட்டி வாசலோட நின்னுட்டீங்க? மழையா, வலியா, பயமா?"

"மழை இருந்தா வழுக்குது. விழுந்தா யாரு தூக்குவா? அதோட நடந்தா முட்டி தேஞ்சிரும்னு சொல்றாங்களே."

"வீட்டுக்குள்ள நாற்காலி இருக்கா?"

"இருக்கு. பிளாஸ்டிக் நாற்காலி."

"அது நகரும். சுவத்துல சாய்ச்சுப் போட்டுக்குங்க. நல்லா உட்கார்ந்துக்கிட்டு ஒரு காலை நேரா நீட்டுங்க. அஞ்சு எண்ணுங்க. மெதுவா இறக்குங்க. ஒரு காலுக்குப் பத்துத் தடவை. முட்டி தேயாது பாட்டி. தொடைச் சதை பலமாகும். மழை விட்ட நாள்ல பேத்தியைக் கூட்டிக்கிட்டு ரோடு வரைக்கும் போங்க. கையில கம்பு வெச்சுக்குங்க."

"இதுதான் உடற்பயிற்சியா?"

"இதேதான்."

"இதை முன்னமே கேட்டிருக்கலாமே கண்ணு. தடை கிடைன்னு என்னென்னமோ கேட்டியே!"

நர்ஸ் தாளில் மூன்று குறி போடுகிறார். வழுக்கும் பாதை. விழும் பயம். மூட்டு தேயும் என்ற எண்ணம். அடுத்த முறை வரும்போது எதைக் கேட்க வேண்டும் என்று மருத்துவருக்கு இப்போது தெரியும்.

எழுதிப் பழகுவோம்

கீழே மூன்று கேள்விகள் இருக்கின்றன. இவை வேறு ஊருக்காக எழுதியவை. உங்கள் ஊரில் முழங்கால் வலி உள்ள ஒருவரிடம் கேட்பது போல மாற்றி எழுதுங்கள். எழுதியதை அவரிடமே படித்துக் காட்டுங்கள். என்ன புரிந்தது என்று கேளுங்கள். புரியாத சொல்லை அடித்துவிட்டு அவர் சொன்ன சொல்லை எழுதுங்கள்.

லிஃப்ட் இல்லாத கட்டடத்தில் ஏற முடிகிறதா?

பனிக் காலத்தில் நடைப் பயிற்சியை நிறுத்திவிடுகிறீர்களா?

நாயைக் கூட்டிக்கொண்டு பூங்காவில் உலாவ முடிகிறதா?